ராசியான கை

அத்தியாயம் பதினான்கு

ரீட்டாவுக்கு மஸ்கட் விசா வந்த அன்று வீடே சிரித்துக் கிடந்தபோது, மூத்தவள் சகாயராணி மட்டும் அடுப்படிக்குப் போய்ச் சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்ததைப் போன வாரம் பார்த்தோம். வெங்காயத்துக்கு அந்த ஒரு நல்ல குணம் உண்டு. யார் எதற்கு அழுதாலும் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்ளும்.

இன்றைக்கு வெங்காயமும் இல்லை. வேனின் கடைசி சீட்டில், பெட்டிகளுக்கு நடுவே, மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் டிரைவர் விஜய்ராஜ், அவன் பக்கத்தில் அப்பா பீட்டர்ராஜ் வாத்தியார். நடு சீட்டில் ரீட்டாவும் அவளுடைய கூட்டாளிகள் இரண்டு பேரும். மூவரும் மதுரையில் ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்தவர்கள். இப்போது மஸ்கட்டிலும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. ராத்திரி கொச்சியிலிருந்து ஃபிளைட்.

உமாதேவி, ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டக்காரர் மகள். வழிக்குத் தின்னவென்று ஒரு பெட்டி பன்னீர் திராட்சையோடு ஏறியிருக்கிறாள். ஜாய்ஸ், தேனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் மகள். சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. வேன் கம்பம் தாண்டுவதற்குள் பாதிப் பெட்டி திராட்சை காலியாகிவிட்டது. பின்னாலே ஒருத்தி இருக்கிறாளே, அவளுக்கும் நாலு பழம் நீட்டுவோம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றியிருந்தாலும் அவள் வாங்கியிருக்க மாட்டாள். அது வேறு விஷயம்.

அவளுக்கும் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் நர்சிங் சீட்டு கிடைத்தது. "பொம்பளப்பிள்ளைய அம்புட்டுத் தூரம் விடமுடியாது" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார் வாத்தியார். அடுத்த தையில் எட்வின் கையில் பிடித்துக் கொடுத்தாயிற்று. எட்வின் நல்லவன். போர்வெல் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன், வாயும் அதிகம் கிடையாது. அதில் ஒரு குறையும் இல்லை. உத்தமபாளையத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் டாக்டர் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள் சகாயராணி. ஊசி போடப் போக வேண்டியவள் ஊசி விற்கிறாள்.

மதுரை தூரம் என்று சொன்ன அதே மனிதர்தான் சின்னவளைக் கடல் தாண்டி அனுப்புகிறார். இது எந்த ஊர் நியாயம்?

"அக்கா, தூங்கிட்டியா?" என்று திரும்பிப் பார்த்தாள் ரீட்டா.

"இல்ல."

"பின்ன ஏன் உம்முன்னு வாற?"

"வெயில் கண்ணைக் கூசுது."

அன்றைக்கு வெயிலே இல்லை. வானம் மூட்டமாக இருந்தது. ரீட்டா அதைக் கவனிக்கவில்லை. ஜாய்ஸ் ஏதோ சொல்ல, நடு சீட்டு மறுபடி கொல்லென்று சிரித்தது.

லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது வேன் நின்றது. ஒரு வளைவில் வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று மலைப்பக்கமாகச் சாய்ந்து, பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. மிச்சம் இருந்த இடுக்கில் ஆட்டோ போகும். வேன் போகுமா என்பது சந்தேகம்.

"இங்கன ரிஸ்க் எடுக்க வேணாம் சார். பொறுத்துப் போவோம்" என்றான் விஜய்ராஜ்.

"பொறுத்தா ஃபிளைட்டு பொறுக்குமா?" என்று முதலில் குதித்து இறங்கியவள் ஜாய்ஸ். பின்னாலேயே மற்ற இருவரும். ரோட்டில் சிதறிக் கிடந்த வாழைக்காய்களை உமாதேவி காலால் ஒதுக்கினாள். ரீட்டா பள்ளத்துப் பக்கம் நின்று டயரையே பார்த்து, "வா... வா... இன்னும் கொஞ்சம் ஸ்டியரிங்க ஒடி... நில்லு!" என்று கையைக் காட்டினாள். ஜாய்ஸ் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலே அடித்தாள். வேன் நூல் பிடித்த மாதிரி தாண்டியதும் பின்னால் நின்ற பஸ்காரர்கள் எல்லாம் கைதட்டினார்கள்.

"எம் மக இருந்தா மலையையே ஒதுக்கிருவா" என்று வாத்தியார் சொன்னார். அவர் சொன்ன மகள் யார் என்று கேட்க வேண்டியதில்லை.

அவர்கள் தாண்டிய கையோடு போலீஸ் வந்து ரோட்டை மறித்துவிட்டது. கிரேன் வந்து லாரியை நிமிர்த்தும் வரை இனி ஒரு வண்டியும் மேலே கீழே போகாது.

குமுளியில் டீக்கு நிறுத்தினார்கள். சிப்ஸ் கடையில் நேந்திரங்காய் சூடாகப் பொரிந்துகொண்டிருந்தது. வாத்தியார் மூன்று பொட்டலம் வாங்கி மூன்று பிள்ளைகளுக்கும் கொடுத்தார். கடைக்காரர், "மக்கள் எல்லாரும் நர்ஸாணோ?" என்று மலையாளத்தில் கேட்க, "ஆமா, மூணும் நம்ம பிள்ளைகதான்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். நான்காவது ஒன்று கையில் டீ கிளாஸோடு பக்கத்திலேயே நின்றது.

"அக்கா, பாஸ்போர்ட் பத்திரந்தானே?" என்று சிப்ஸைக் கடித்துக்கொண்டே கேட்டாள் ரீட்டா.

"பத்திரமா இருக்கு" என்றாள் சகாயராணி.

அவர்கள் ஊரில் வெளிநாடு போகிறவர்களுக்கென்று ஒரு முறை உண்டு. எந்த எமிக்ரேஷன் ஆபீசருக்கும் தெரியாத முறை. முந்தின நாள் சாயங்காலமே பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய்க் கோயிலில் சகாய மாதா பாதத்தில் வைத்துவிட வேண்டும். காலைப் பூசை முடிந்ததும் வீட்டில் கைராசியான பெண் ஒருத்தி அதை எடுத்து, ஜெபமாலையோடு சேர்த்துக் கைக்குட்டையில் முடிந்து தன் பையில் வைத்துக்கொள்வாள். ஏர்போர்ட் வாசலில் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு அவள் கையால் கொடுப்பாள். அதுவரை போகிறவர் அதைத் தொடக்கூடாது. தானே எடுத்துக்கொண்டு போன ஒருவன் குவைத்திலிருந்து போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டான் என்று ஊரில் சொல்வார்கள். அவன் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதால்தான் திருப்பி அனுப்பினார்கள் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

"மூத்தவ கைதான் ராசியான கை. அவளே எடுக்கட்டும்" என்று சொன்னது அம்மா லூர்து மேரி. முழங்கால் வலியால் அவள் வேனில் ஏறவில்லை.

பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சகாயராணி பைக்குள் கைவிட்டாள். கைக்குட்டை முடிச்சு தட்டுப்பட்டது. அமுக்கிப் பார்த்தாள். மணி மணியாக ஜெபமாலை மட்டும்தான் இருந்தது.

பையை அடிவரை துழாவினாள். பாஸ்போர்ட் இல்லை.

காலையில் கோயிலில் நடந்தது அப்படியே கண்முன் வந்தது. மாதா பாதத்தில் கைநீட்டி ஜெபமாலையை எடுத்தாள். பாஸ்போர்ட் மாலைக்கு அடியில் இருந்தது. எடுக்கப் போகிற அந்த நேரத்தில் முதுகுக்குப் பின்னால் அப்பா பங்குச்சாமியாரிடம் பேசிக்கொண்டிருந்தார். "சின்னவதான் சாமி எங்க வீட்டுக்குப் பேர் வாங்கிக் குடுத்தவ." சாமியார், "மூத்த மக என்ன செய்றா?" என்று கேட்டார். "அவ வீட்டோட இருக்கா சாமி" என்றார் அப்பா.

நாள் முழுக்கக் கால் கடுக்க மெடிக்கல் ஷாப்பில் நிற்கிறவள் வீட்டோடு இருக்கிறாளாம்! கண் நிறைந்துவிட்டது. யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று கையில் இருந்ததைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டாள். பாஸ்போர்ட் மாதா பாதத்திலேயே கிடக்கிறது.

மறதிதான். சத்தியமாக மறதிதான். சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

"அக்கா, இந்தா, எங்க மூணு பேரையும் ஒரு போட்டோ எடுத்து விடு" என்று போனை அவள் கையில் திணித்தாள் ரீட்டா. மூவரும் தோளில் கைபோட்டு நின்றார்கள். "அப்பா, நீங்களும் வாங்கப்பா!" என்று கூப்பிட்டாள் உமாதேவி. வாத்தியார் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு போய் நடுவில் நின்றார்.

சகாயராணி போட்டோ எடுத்தாள். அந்தப் போனின் கண்ணாடிக்குள் நாலு பேரும் அழகாக, ஒரு குடும்பமாகத்தான் இருந்தார்கள்.

திறந்த வாய் மூடிக்கொண்டது.

வண்டி கிளம்பட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். வண்டி கிளம்பியது. இப்போது திரும்பினாலும் ரோடு மறித்துத்தானே கிடக்கிறது என்று ஒரு சாக்குக் கிடைத்தது. வண்டிப்பெரியாறு வரட்டும் என்றாள் மனசுக்குள். அதுவும் வந்து போனது. ஒரு ஃபிளைட் போனால் குடியா முழுகிவிடும்? உமாதேவியும் ஜாய்ஸும் போகட்டும். ஒரு வாரமாவது இவள் வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கட்டுமே. அந்த நினைப்பு வந்ததும் சகாயராணிக்கு ஒரு சுகம் வந்தது. பல்வலியில் பல்லை நாக்கால் அமுக்கினால் வருமே, அந்தச் சுகம்.

பீருமேட்டு வளைவுகளில் உமாதேவிக்குக் குமட்டியது. வேனை நிறுத்தி, தேயிலைச் செடி ஓரமாக அவள் குனிந்து நிற்க, ரீட்டா அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். ஜாய்ஸ் தண்ணீர் ஊற்றினாள்.

"ஒங்க தோட்டத்துத் திராட்சை பூராவும் கேரளாவுக்கு ஏற்றுமதியாயிருச்சுடி" என்று ஜாய்ஸ் சொல்ல, வாயைத் துடைத்துக்கொண்டே உமாதேவியும் சிரித்தாள்.

சகாயராணி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்குக் கூட்டாளி என்று ஒருத்தியும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த ஜக்கம்மாவை உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், "எப்ப வந்த, எப்ப போற" என்பதோடு சரி. நெற்றியைப் பிடிக்க ஒரு கை, தண்ணீர் ஊற்ற ஒரு கை. வேலை, விசா, அப்பாவின் பெருமை எல்லாவற்றையும் விட அந்த இரண்டு கைகளைப் பார்த்துத்தான் அவளுக்கு வயிறு எரிந்தது. சொல்லக்கூடாது, சொல்லவே கூடாது என்று பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

குட்டிக்கானம் தாண்டி இறக்கத்தில் ரோட்டோரமாகவே ஓர் அருவி விழுகிறது. வண்டிகள் எல்லாம் அங்கே நின்றுதான் போகும். உமாதேவிக்கு முகம் கழுவ வேண்டும் என்று விஜய்ராஜ் ஓரங்கட்டினான். வாத்தியார் டீக்கடைப் பக்கம் போனார். ஜாய்ஸும் உமாதேவியும் சாரலில் நின்று செல்ஃபி எடுக்க, ரீட்டா மட்டும் அவர்களை விட்டுவிட்டு வந்து, கைப்பிடிச் சுவரில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அருவியைப் பார்த்தபடி காலை ஆட்டினாள். பிறகு, "ஒன்னையப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குக்கா" என்றாள்.

"என்ன, கிண்டலா?"

"கிண்டல் பண்ற நேரமா இது? ஒனக்கு மதுரையில சீட்டு வந்துச்சுல்ல, அப்ப நான் ஏழாப்பு. அப்பா அம்மாட்ட அழுதாக. என் காதால கேட்டேன். 'அவ இல்லாம வீடு வீடாவே இருக்காது மேரி, என்னால முடியாது'ன்னாக. வெளிய வந்து ஒங்கிட்ட, விடமுடியாதுன்னு வெறப்பா சொன்னாக."

சகாயராணி அவளையே பார்த்தாள்.

"என்னைய மஸ்கட்டுக்கு அனுப்புறாக. கண்ணு கலங்குச்சான்னு பாரு. சிப்ஸ் வாங்கித் தாராக, போட்டோவுக்கு நிக்காக. ஒன்னைய விட மனசில்லாம வச்சுக்கிட்டாக. என்னைய, போயிட்டு வா ஆத்தான்னு அனுப்பிட்டாக. அவுகளுக்கு நான் பேரு வாங்கிக் குடுக்குற பிள்ள. நீதான் பிள்ள."

ரீட்டாவின் குரல் கடைசியில் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"போகுது விடு. எனக்கு அங்கன போயி நிக்க பயமாத்தான் இருக்கு. அவளுகட்ட சொன்னா ஓட்டுவாளுக. ஒங்கையால பாஸ்போர்ட்ட வாங்கிட்டா எனக்கு அது போதும்க்கா. மெடிக்கல்ல ஒங்கையால மாத்திரை வாங்கணும்னே ஆளு வருதாம்ல? மச்சான் சொன்னாக."

முதலில் சகாயராணிக்கு நெஞ்சு குளிர்ந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு வருஷமாகக் காத்துக்கிடந்த ஒன்று கையில் வந்து விழுந்த குளிர்ச்சி. அடுத்த நொடியே, ஐயோ பாவி, நான் என்ன காரியம் செய்துகொண்டிருக்கிறேன் என்று மனசு சுட்டது.

"ரீட்டா."

"என்னக்கா?"

"பாஸ்போர்ட் எங்கிட்ட இல்ல."

"வெளையாடாத."

"மாதா பாதத்துலயே கெடக்கு. நான் ஜெபமாலைய மட்டும் எடுத்துட்டு வந்துட்டேன்."

ரீட்டா அவள் மடியிலிருந்த பையைப் பிடுங்கித் தலைகீழாகக் கொட்டினாள். சீப்பு, சில்லறை, கைக்குட்டை முடிச்சு, ஊரில் விட்டு வந்த மகனுக்கென்று எடுத்து வைத்த ஒரு பொட்டலம் மிட்டாய். அவ்வளவுதான். "அப்பா!" என்று அவள் கத்திய கத்தில் டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகம். சகாயராணியே எட்வினுக்குப் போன் போட்டாள். அவன் பொட்டிப்புரத்தில் ஒரு தோட்டத்தில் மோட்டார் இறக்கிக்கொண்டிருந்தான். விவரத்தைக் கேட்டதும், ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

"குமுளி ரோடு அடைச்சுக் கெடக்குங்காக. நான் பைக்க எடுத்துக்கிட்டு ஊருக்குப் போயி, சாவி வச்சிருக்க கோயில்பிள்ளைய கூப்பிட்டுக் கதவத் தொறந்து எடுக்கேன். கம்பம்மெட்டு ஏறி, கட்டப்பனை வழியா வந்துருதேன். நீங்க திரும்பி மேல ஏறி குட்டிக்கானத்துல நில்லுங்க."

"நேரம் பத்துமா சார்?" என்று கேட்டான் விஜய்ராஜ்.

"மழை வராம இருந்தா பத்தும்" என்றார் வாத்தியார். மேலே பார்த்தார். மலை உச்சி கறுத்துக் கிடந்தது.

"உமா, ஜாய்ஸ், நீங்க ரெண்டு பேரும் பஸ் பிடிச்சுக் கொச்சிக்குப் போங்கடி. நான் வந்தா வாறேன்" என்றாள் ரீட்டா.

"நல்லா இருக்குடி கதை" என்றாள் உமாதேவி. "வாந்தி எடுக்கையில தலையப் பிடிச்சவள நடுமலையில விட்டுட்டுப் போகவா? ஏறுனா மூணு பேரும் ஏறுவோம். இல்லாட்டி மூணு பேரும் ஓடைப்பட்டிக்கு வந்து திராட்சை பறிப்போம்."

ஜாய்ஸ் சிரிக்கவில்லை. ரீட்டாவின் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

தன் ஒரு மௌனத்தில் மூன்று பேர் வேலை தொங்குகிறது என்று சகாயராணிக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த நேரத்திலும் பாருங்கள், இப்படி இரண்டு பேர் ரீட்டாவுக்குக் கிடைத்திருக்கிறார்களே என்று உள்ளே ஒரு மூலையில் எரியத்தான் செய்தது. பொறாமை வந்த வீட்டை அவ்வளவு சீக்கிரம் காலி செய்யாது.

வேன் திரும்பி மலை ஏறத் தொடங்கியது. ரீட்டா முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"எப்பக்கா தெரிஞ்சது ஒனக்கு?"

உமாதேவியும் ஜாய்ஸும் பின்னால் திரும்பினார்கள்.

"இதென்ன கேள்வி?" என்றார் வாத்தியார். "இப்பத்தான் பையப் பாத்திருப்பா. மறதி யாருக்குத்தான் வராது? அவள ஒண்ணும் சொல்லாத."

கதவைத் திறந்து வைத்து, இந்த வழியா வெளியே போய்விடு மகளே என்கிறார் அப்பா. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறதி என்றால் ஊரே மன்னிக்கும்.

"குமுளியிலயே தெரியும்" என்றாள் சகாயராணி.

வாத்தியார் திரும்பிப் பார்த்தார். பிறகு அவர் பார்வை ரோட்டுக்குப் போய்விட்டது. குமுளியில் நின்ற நிற்பும், சிப்ஸும், போட்டோவும் அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"பத்திரமா இருக்குன்னு சொன்னியேக்கா" என்றாள் ரீட்டா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "ஒங்கைய நம்பித்தான நான் தொடாம வந்தேன். சரி. மச்சான் கொண்டாரட்டும். அவுக கையால நான் வாங்கிக்கிறேன். நீ அதத் தொடாத."

"அது முறையில்லையே ஆத்தா..." என்று இழுத்தார் வாத்தியார்.

"இதுதாம்ப்பா முறை."

வேன் குட்டிக்கானம் வந்து நின்றது. கண்ணாடியில் பொட்டு பொட்டாகத் தூறல் விழ ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்த பிறகுதான் சகாயராணியின் போன் அடித்தது. எட்வின்.

"எடுத்துட்டேன். கம்பத்தத் தாண்டிட்டேன். மெட்டுல மழை பிடிச்சிருச்சுங்காக, நனையாம சட்டைக்குள்ள வச்சிருக்கேன். அங்கன வந்து ஒங்கையில குடுத்துட்டு, மிச்ச வேலைய முடிக்கப் பொட்டிப்புரம் ஓடணும்."

"எங்கையில குடுக்காதீங்க. அவ கையிலயே குடுத்திருங்க."

"ஏன்? முறை ஒங்கையில தான?"

மறதி என்று சொல்லலாம். வந்து சொல்கிறேன் என்றும் வைத்துவிடலாம். முன் சீட்டில் அப்பா, நடு சீட்டில் மூன்று தலைகள், நாலும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தன.

"நான் அவ மேல பொறாமைப்பட்டுட்டேங்க" என்றாள் சகாயராணி.